ஒரு குரூசர் சைக்கிள் எத்தனை வாட் தாங்கும்?

வீட்டிலேயே மின்சாரக் குரூசர் சைக்கிள் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆயிரம் வாட்டா, மூவாயிரமா, ஐயாயிரமா என்பதிலேயே பேச்சு முழுவதும் போய்விடுகிறது. பேட்டரி அதற்கேற்ப வாங்கப்படும். ஃப்ரேம் கையில் கிடைத்ததாக இருக்கும். பிரேக் ஏற்கெனவே அதில் இருப்பதே போதும் என்று விடப்படும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. இந்த வேலையில் மோட்டார்தான் மிகவும் சிக்கல் குறைந்த பாகம். வண்டியை நிறுத்துவது, சக்கர அச்சைப் பிடித்து வைப்பது, பேட்டரி தீப்பிடிக்காமல் காப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு குரூசர் எத்தனை வாட் தாங்கும் என்று முடிவு செய்கின்றன.

குரூசர் அமெரிக்காவில் பிறந்த சைக்கிள். பெருமந்தக் காலத்தில் விற்பனை படுத்துக் கிடந்தபோது, சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் பி-10ஈ என்ற மாடலைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் பார்த்த பருத்த பலூன் டயரே அதன் புதுமை: 26 அங்குலச் சக்கரம், 2.125 அங்குல அகலம். மறு ஆண்டு வந்த ஏரோசைக்கிள் மாடலில் மோட்டார் சைக்கிளைப் போல ஒரு பொய் பெட்ரோல் டேங்க், முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்தன. இரண்டு மேல் குழாய்களுக்கு நடுவே பொருத்தப்பட்ட இத்தகைய டேங்குகளுக்குள் ஹாரனும் அதற்கான சிறு பேட்டரியும் இருந்ததுண்டு. அகன்ற ஹேண்டில்பார், நிமிர்ந்த இருக்கை, நீண்ட சக்கர இடைவெளி, ஒரே கியர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் என்று அந்த உருவம் அன்றே நிலைத்துவிட்டது. மெதுவாக, சொகுசாகப் போவதற்கென்றே செய்த வண்டி அது.

அதில் இன்ஜின் மாட்டும் ஆசையும் ஏறக்குறைய அதே வயதுடையது. லாஸ் ஏஞ்சலஸில் விமான பாகங்கள் செய்துவந்த ப்ரீன்-டெய்லர் என்ற நிறுவனம் 1939இல் விஸ்ஸர் என்ற பெட்ரோல் இன்ஜின் கிட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்கியவர் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தன் சைக்கிளில் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய மின்சார கிட்டின் நேரடி முன்னோர் அதுதான். மின் மோட்டாரைச் சக்கரத்துக்குள் வைக்கும் யோசனையோ இன்னும் பழையது. ஒஹாயோ மாநிலத்து ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று பெற்ற காப்புரிமையில், பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கிறது. பத்து வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை அது இழுக்கும் என்று கணக்கிட்டிருந்தார். அந்த ஆம்பியரைச் சைக்கிளில் சுமந்து செல்லும் பேட்டரிதான் அப்போது இல்லை.

அதன் பிறகு நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கிரைஸ்லரிலிருந்து ஓய்வு பெற்ற லீ ஐயகோக்கா 1997இல் ஈவி குளோபல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மின்சைக்கிள் விற்றபோதுகூட அதில் இருந்தது ஈய-அமில பேட்டரிதான். 36 வோல்ட் வேண்டுமென்றால் மூன்று 12 வோல்ட் பெட்டிகள், பன்னிரண்டு கிலோ சுமை. எண்பதுகளில் வந்த நியோடிமியம் காந்தம் மோட்டாரைச் சிறிதாக்கியது. சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் செல், மடிக்கணினிகளால் பெருகி விலை குறைந்தது. இரண்டும் கைக்கெட்டும் விலைக்கு வந்த பிறகே, ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு சிறு மோட்டார் சைக்கிளின் வேகத்தைச் சைக்கிளுக்குள் அடைப்பது சாத்தியமானது. ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது, ஏனெனில் ஃப்ரேமும் ஃபோர்க்கும் பிரேக்கும் 1930களின் வேகத்துக்கே வடிவமைக்கப்பட்டவை.

வாட் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். குரூசரில் நிமிர்ந்து உட்காருபவரின் மார்பு முழுவதும் காற்றைத் தள்ளுகிறது. ஆளும் வண்டியுமாக 120 கிலோ என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் மணிக்கு 32 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரத்தில் சுமார் 350 வாட் போதும். அதே வண்டி 64 கி.மீ. வேகத்தில் போக 2,200 வாட்டுக்கு மேல் வேண்டும். காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், டயர் உராய்வையும் சேர்த்த மொத்தக் கணக்கில் இரட்டை வேகத்துக்கு ஆறு மடங்குக்கு மேல் சக்தி. இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தாலே பல கனவுகள் தாமாகத் திருந்திவிடும். மலைச்சாலையில் கதை வேறு. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறவே, ஈர்ப்பை மட்டும் எதிர்க்க 650 வாட் போய்விடும். சமதளத்து ஊருக்கு 750 வாட் தாராளம். மேடும் பள்ளமுமான ஊருக்கு 1,000 முதல் 1,500 வாட் என்பது நியாயமான ஆசை. அதற்கு மேல் கேட்பவர் வேகத்தைத்தான் கேட்கிறார், சௌகரியத்தை அல்ல.

கிட்டின் பெட்டியில் அச்சடித்த வாட் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. மோட்டாருக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதைக் கன்ட்ரோலர் அனுமதிக்கும் ஆம்பியரும் பேட்டரியின் வோல்ட்டும்தான் முடிவு செய்கின்றன. 48 வோல்ட், 30 ஆம்பியர் என்றால் 1,440 வாட். அதே மோட்டாரை 72 வோல்ட்டில், 40 ஆம்பியரில் இணைத்தால் 2,880 வாட். மோட்டார் சிறிது நேரம் முனகாமல் தாங்கும், பிறகு சூடாகும். நூற்றுக்கு எண்பது பங்கு திறனுடன் ஓடும்போதுகூட 2,000 வாட்டில் 400 வாட் வெப்பமாகிறது. ஹப் மோட்டாரில் அந்தச் சூடு, வெளி ஓட்டிலிருந்து காற்று இடைவெளியால் பிரிக்கப்பட்ட சுருள்களில் சிக்கிக்கொள்கிறது. ஏற்றத்தில் வேகம் குறையக் குறையத் திறனும் விழுகிறது, வெப்பம் பெருகுகிறது. வான்கூவரின் கிரின் டெக்னாலஜிஸ் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் மோட்டார் சிமுலேட்டர் இதையெல்லாம் வளைகோடுகளாக வரைந்து காட்டுகிறது. மோட்டார், வோல்ட், சக்கர அளவு, ஏற்றம் ஆகியவற்றைக் கொடுத்தால் எத்தனை நிமிடத்தில் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும் என்றுகூடச் சொல்லிவிடும். பணம் செலவழிக்கும் முன் ஒரு மாலை முழுவதும் அதோடு உட்கார்ந்தால், அதற்கு ஈடான ஆலோசகர் வேறில்லை.

இப்போது பிரேக். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே, 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய ஷ்வின் பலூன் டயர் சைக்கிள்களை ஒரு மலை மண்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். சுமார் மூன்றரை கிலோமீட்டரில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேரும்போது கோஸ்டர் பிரேக்கின் கிரீஸ் கொதித்துப் புகையாகப் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி மறுபடி மறுபடி கிரீஸ் அடைத்ததிலிருந்துதான் அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். மவுன்டன் பைக் பிறந்த கதையாக இது சொல்லப்படுகிறது. எனக்கு இது குரூசரின் பிரேக் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று செய்து காட்டிய சோதனையாகவே படுகிறது.

120 கிலோ எடை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போது அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 2,900 ஜூல். 50 கி.மீ. வேகத்தில் அது நான்கு மடங்காகி 11,600 ஜூல். அவ்வளவையும் பிரேக் சில விநாடிகளில் வெப்பமாக்கிக் கொட்ட வேண்டும். மோட்டார் மாட்டியதும் பெரும்பாலும் அந்தக் கோஸ்டர் பிரேக்கும் இல்லாமல் போகிறது. பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் வைத்தால் பழைய ஹப்பே கழன்றுவிடுகிறது. பெடல் அச்சில் மாட்டும் நடு மோட்டார் வைத்தாலும், பஃபாங் நிறுவனத்தின் வழக்கமான கிட்டுகளில் பெடலைப் பின்னால் மிதித்தால் செயின் நகராது. கோஸ்டருக்கென்றே செய்த தனி வகை வேண்டும். முன் பிரேக்குக்கு வந்தால், பழைய குரூசர் ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் மாட்டும் காது இருக்காது, ரிம் பிரேக்குக்கான முளையும் இருக்காது. அதன் ஸ்டியரிங் குழாய் ஓர் அங்குலக் குழாய் என்பதால் இன்றைய டிஸ்க் ஃபோர்க்குகளில் பலவும் அதில் நுழையாது.

ஆகவே கட்டத் தொடங்குபவர் முதல் செலவை இங்கேதான் செய்ய வேண்டும் என்பேன். டிஸ்க் பிரேக்குக்கு இடமுள்ள புதிய ஃப்ரேமும் ஃபோர்க்கும் வாங்குவது ஒரு வழி. பழைய அழகை விட மனமில்லாதவர்கள் ஸ்டர்மி-ஆர்ச்சர் செய்யும் 90 மி.மீ. டிரம் பிரேக் ஹப்பை முன்சக்கரத்தில் கோக்கலாம். அது ஃபோர்க்கில் வெல்டிங் கேட்காது. எதிர்விசையைத் தாங்கும் கையை மட்டும் ஃபோர்க் காலில் நன்றாக இறுக்க வேண்டும். ஆனால் வேகம் மிதமாக இருக்கும்வரைதான் டிரம் போதும். கியர் இல்லாத நேரடி ஹப் மோட்டாரில் ஒரு வரம் உண்டு: கன்ட்ரோலர் அனுமதித்தால் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியைப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் திரும்பி வரும். இதை நம்பி வேறு பிரேக்கைக் குறைத்துக்கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. மலை உச்சியில் வீடுள்ளவர் காலையில் முதல் இறக்கத்தில் இறங்கும்போது, தேவைப்படும் அந்த நேரத்தில், அந்த பிரேக் வேலை செய்யாமல் போகலாம்.

அடுத்தது அச்சு. மற்ற சக்கரங்களில் அச்சு சும்மா இருக்கும், ஹப் சுழலும். நட்டை இறுக்கினால் போதும். ஹப் மோட்டாரிலோ, சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே முறுக்குவிசையோடு அச்சு பின்னால் திரும்ப முயல்கிறது. அதைத் தடுப்பது அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவிய, பத்து மி.மீ. இடைவெளி கொண்ட முகங்கள் மட்டும். சக்தி மிகுந்த மோட்டார் 100 நியூட்டன்-மீட்டர் முறுக்கினால், அந்தச் சிறிய முகங்களின் ஓரங்களில் ஒரு டன் அளவுக்கு விசை விழுகிறது. சக்கர அச்சு உட்காரும் பிளவுத்தகடு அலுமினியமானால் முதலில் வாய் விரியும், பிறகு ஒரு நாள் விரிசல் விடும். அச்சு முழுச்சுற்றுச் சுற்றினால் வயர்கள் முறுக்கி அறுந்து, சக்கரம் கழன்று வெளியே வரும். முன்சக்கரத்தில் இது நேர்ந்தால் ஓட்டுபவர் முகம் தரையில். அதனால் சக்தி மிகுந்த மோட்டாரை முன் ஃபோர்க்கில், அதிலும் அலுமினிய ஃபோர்க்கில், வைக்கவே கூடாது. பின்னால் வைத்தாலும், அச்சின் தட்டை முகத்தைக் கவ்விப் பிடித்து ஃப்ரேமோடு இணைக்கும் எஃகு டார்க் ஆர்ம் இருபக்கமும் வேண்டும். மோட்டாரால் பிரேக் பிடிக்கும் வசதியைப் பயன்படுத்துபவருக்கு இது இன்னும் கட்டாயம்: விசை முன்னும் பின்னுமாக மாறி மாறி ஆட்டுவதால் நட்டு தானாகத் தளரும்.

பழைய எஃகு குரூசர் மதிப்புப் பெறுவது இங்கேதான். பின்னால் திறந்த கிடைமட்டப் பிளவு, தடித்த எஃகுத் தகடு, கனமான குழாய். சைக்கிளாக ஓட்டும்போது குறையாகப் பட்ட எடை இப்போது பலமாகிறது. கோஸ்டர் ஹப்புக்காக 110 மி.மீ. இடைவெளியுடன் செய்த பின்கவட்டை, மோட்டாருக்கு வேண்டிய 135 மி.மீ. வரை பொறுமையாக விரித்து, இருபுறமும் சமமாக வந்ததா என்று நூல் பிடித்துப் பார்க்கலாம். எஃகு வளைந்து கொடுக்கும். அலுமினிய ஃப்ரேமில் இதைச் செய்யவே கூடாது. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் விற்கும் மலிவான குரூசர்களின் மெல்லிய தகட்டிலும் எனக்கு நம்பிக்கையில்லை.

மோட்டார் தேர்வை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் குழப்பம் குறைகிறது. நேரடி ஹப் மோட்டாருக்குச் சத்தம் இல்லை, தேயும் பல் இல்லை, செயினை அது தொடுவதில்லை. ஆனால் கனம், நடுத்தர வகையே ஏழு கிலோ இருக்கும். அந்த எடை பின்சக்கரத்திலேயே இருப்பதால் பள்ளத்தில் விழும் அடியை ரிம்மும் கம்பிகளும் வாங்குகின்றன, குரூசரில் பின் சஸ்பென்ஷனும் கிடையாது. பலூன் டயர்தான் ஒரே ஆறுதல். நடு மோட்டார் இலேசானது. 1,000 வாட் பஃபாங் பிபிஎஸ்ஹெச்டி ஆறு கிலோவுக்குள் அடங்கும், கியர் இருந்தால் மலையை எளிதாக ஏறும். ஆனால் அமெரிக்கக் குரூசரின் பெடல் அச்சுக் குழல், ஒரே துண்டுக் கிராங்குக்காக அகலமாகச் செய்யப்பட்டது. அதில் நேராக இது உட்காராது, இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். ஒற்றை கியர் வண்டியில் நடு மோட்டார் வைப்பதில் பயனும் குறைவு, செயினுக்கு வேதனையும் அதிகம். மல்டி கியர் இல்லாத குரூசருக்கு நேரடி ஹப்தான் என் தேர்வு.

பேட்டரிதான் இந்த முழு விஷயத்திலும் கடினமான பகுதி. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. உயரமும் கொண்ட 18650 செல்களைப் பதினான்கு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து என்று அடுக்கினால், எழுபது செல்லில் 52 வோல்ட் பேக் கிடைக்கும். மூன்று ஆம்பியர்-மணி செல்லானால் சுமார் 750 வாட்-மணி. செல்களின் எடை மூன்றரை கிலோவுக்கும் குறைவு. மிதமாக ஓட்டினால் 60 கி.மீ. வரும், 50 கி.மீ. வேகத்தில் போனால் அதில் பாதிகூடச் சந்தேகம்தான்.

இதை வீட்டில் பற்றவைக்கலாமா என்ற கேள்விக்கு, முதல் வண்டி கட்டுபவருக்கு என் பதில் கூடாது என்பதே. 18650 செல்லின் உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனைத் தொப்பிக்கும் அந்த உடலின் விளிம்புக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. நேர்முனையில் பற்றவைத்த நிக்கல் பட்டை அந்த விளிம்பின் மேல் படிந்து, பல மாதம் சாலை அதிர்வில் உரசி உரசி உறையைத் தேய்த்தால் அந்த செல் குறுக்குச்சுற்றாகி எரியும். அதன் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும். பேட்டரி மேலாண்மைப் பலகை இதைத் தடுக்காது, ஏனெனில் பிழை அதற்கு அப்பால், செல்லின் முனையிலேயே நடக்கிறது. நேர்முனை தோறும் காப்பு வளையம், வரிசைகளுக்கு நடுவே காப்புத் தாள், ஆட்டம் காணாத செல் பிடிகள், நிக்கல் முலாம் பூசிய இரும்பு அல்லாத தூய நிக்கல் பட்டை, மாடலும் வயதும் ஒன்றான புதிய செல்கள் என்று எதிலும் சலுகை கிடையாது. பழைய மடிக்கணினி பேட்டரிகளை உடைத்துச் சேர்த்த செல்களை வைத்து அதிக ஆம்பியர் வண்டி கட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் நியூயார்க்கைப் பார்க்கலாம். 2023இல் மட்டும் அந்த நகரத்தில் லித்தியம்-அயான் பேட்டரிகளால் 268 தீவிபத்துகள், 18 மரணங்கள். அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து, மின்சைக்கிளானால் யூஎல் 2849, பேட்டரியானால் யூஎல் 2271 தரச்சான்று இல்லாதவற்றை அங்கே விற்கக் கூடாது. பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களால் புதிய பேக் செய்வதற்கும் தடை. அந்த ஊரின் அடுக்குமாடிகளில், வெளியேறும் ஒரே வாசலருகே வைத்துச் சார்ஜ் செய்த பேட்டரிகள் குடும்பங்களை உள்ளே அடைத்திருக்கின்றன. சார்ஜ் செய்யும் இடம் வாசலிலோ மாடிப்படியிலோ படுக்கையறையிலோ இருக்கக் கூடாது என்பதை, வயரிங் வரைபடத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் இருக்கிறது. ஒரு செல் 3.2 வோல்ட், பதினாறு சேர்த்தால் 51.2 வோல்ட். எளிதில் பற்றாது, ஆயுளும் நீளம். சொகுசாகப் போகும் வண்டிக்கு அது மிகவும் பொருத்தமானது. குரூசரின் வளைந்த குழாய்களுக்கு நடுவே அந்தப் பழைய டேங்க் போன்ற ஒரு பெட்டி செய்து எடையைத் தாழ்வாகவும் நடுவிலும் வைத்தால், பின் கேரியரில் ஏற்றிவைத்த வண்டியைப் போல வால் ஆடாது.

வயரிங் பற்றி மூன்றே செய்தி. பேட்டரியை ஒட்டி ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் முதல் இணைப்பில் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சுவதால் கனெக்டரில் பெரிய பொறி பறக்கும். உள்ளே ரெசிஸ்டர் கொண்ட பொறி தடுக்கும் கனெக்டர் அதற்கு உண்டு. 72 வோல்ட் பேக் முழுச் சார்ஜில் 84 வோல்ட்டைத் தொடும். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் வெறுங்கையால் தொடுவது பாதுகாப்பல்ல. 52 வோல்ட் பேக் முழுச் சார்ஜிலும் 58.8 என்று அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. நான் 52ஐப் பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தை யாரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், இயங்கும் பெடலும் 750 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் உள்ள, மோட்டாரால் மட்டும் மணிக்கு 20 மைலை எட்டாத வண்டியைச் சைக்கிள் என்ற நுகர்பொருளாக ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியா 2015இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. பெடல் உதவியோடு மட்டும் 28 மைல் வரை மூன்றாம் வகுப்புக்கு அனுமதி உண்டு. கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்தினால் 750 வாட், இன்னொன்றை அழுத்தினால் 3,000 வாட் என்று வைத்து, போலீஸ் வந்தால் முதல் பொத்தான் என்பது வீட்டுக் கட்டுமானக்காரர்களின் பழைய உத்தி. அந்த மாநிலம் 2024இல் இயற்றிய எஸ்.பி. 1271, இந்த எல்லைகளைத் தாண்டும்படி மாற்றிக்கொள்வதற்காகவே தயாரிப்பாளர் செய்த வண்டி மின்சைக்கிளே அல்ல என்கிறது. அதே ஆண்டின் ஏ.பி. 1774 வேக வரம்பை உடைக்கும் சாதனங்களை விற்பதைத் தடுத்தது. பொத்தானின் நிலையைப் பார்ப்பதிலிருந்து வண்டியின் திறனைப் பார்ப்பதை நோக்கிச் சட்டம் நகர்கிறது. பாதசாரிகளோடு ஒரே பாதையில் போகும் வண்டிகளைப் பற்றிய சட்டம் என்பதால் இந்தத் திசை எனக்குச் சரியாகவே படுகிறது.

நம் நாட்டு விதி இன்னும் குறுகியது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால்தான் பேட்டரி வண்டி மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். அதைத் தாண்டினால் பதிவெண், காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்குப் பதிவெண் வாங்குவது நடைமுறையில் பெரும்பாடு. ஆகவே இங்கே 1,500 வாட் குரூசர் கட்டுபவர் அதைச் சொந்தத் தோட்டத்திலோ தனியார் நிலத்திலோ மட்டுமே ஓட்ட முடியும். சாலையில் ஓட்டத்தான் வேண்டுமென்றால் 250 வாட் ஹப்பை வாங்கி, மிச்சமாகும் பணத்தை முன்சக்கர பிரேக்கில் போடலாம். சமதளத்தில் 25 கி.மீ. வேகத்துக்குக் காற்றும் டயரும் சேர்ந்து கேட்பது 200 வாட் அளவுதான், அதிலும் ஒரு பங்கைக் கால்கள் கொடுத்துவிடும்.